கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேன்: நாலு மணி நேரம் எடுக்கும் இடத்தில் மட்டும் எடுங்கள்

சாப்பிட்ட சாப்பாடு இரைப்பையை விட்டு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று படம் பிடித்து அளக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேன் என்பார்கள், நியூக்ளியர் மெடிசின் பிரிவில் எடுப்பார்கள். என் அம்மாவுக்கு இதைக் கோவையில் இரண்டு இடங்களில் எடுத்தோம். பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் போட்டிருந்தது, ஆனால் உள்ளே நடந்தது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதல் இடத்தில் கொடுத்த பணம் வீண். இரண்டாவது இடத்தில் எடுத்ததால்தான் அம்மா இன்று வாந்தி இல்லாமல் சாப்பிடுகிறார். இடங்களின் பெயரை நான் எழுதவில்லை, ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது போர்டை இல்லை, அங்கே இந்த டெஸ்ட்டை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான், அதை முடிந்தவரை விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சுகர், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவார், மதியம் வரை நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி இருக்கிறது என்பார், சில நாள் காலையில் வாந்தி எடுத்தால் முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட சோறு அப்படியே வரும். அதைவிட எங்களைப் பயமுறுத்தியது சுகர்தான். இன்சுலின் போட்டு, கண்ணெதிரே சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி சுகர் இறங்கிவிடும். அப்புறம் ராத்திரி காரணமே இல்லாமல் ஏறி நிற்கும். சாப்பாடு இரைப்பையிலேயே தங்கிவிட்டால் இன்சுலின் வேலை செய்யும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை வந்து சேராது, இன்சுலின் ஓய்ந்த பிறகு வந்து சேரும், அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம். இது எங்களுக்கு அப்போது தெரியாது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "கேஸ்தான், வயசாச்சுல்ல" என்றார்கள்.

எண்டோஸ்கோபி எடுத்தபோது, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தும் இரைப்பையில் சாப்பாடு மிச்சம் இருந்தது. அடைப்பு எதுவும் இல்லை, புண்ணும் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தால் வழி திறந்திருக்கிறதா என்று தெரியும், தசை ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று தெரியாது. அதற்குத்தான் இந்த ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் போன இடத்தில் அம்மாவுக்கு ஒரு டம்ளரில் மருந்து கலந்த பானம் கொடுத்தார்கள். குடித்தார், படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது, கிளம்பலாம் என்றார்கள். ரிப்போர்ட் நார்மல். அந்த நார்மலை நம்பித்தான் அப்புறம் பல மாதங்கள் கேஸ் மாத்திரையிலேயே ஓடின, அம்மா எடை குறைந்துகொண்டே போனார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். திரவம் இரைப்பையிலிருந்து இறங்குவதும் திட உணவு இறங்குவதும் வேறு வேறு வேலை. தண்ணீர், ஜூஸ் எல்லாம் இரைப்பையின் அழுத்தத்திலேயே கீழே வடிந்துவிடும். சோறு, முட்டை, ரொட்டி அப்படி வடியாது. இரைப்பையின் மேல்பாகம் அதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்பாகத்துக்கு அனுப்பும், அங்கே நிமிடத்துக்கு 3 தடவை என்ற கணக்கில் தசை சுருங்கி அரைக்கும், 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவுக்குத் துகளானால்தான் பைலோரஸ் என்ற வாசல் அதைச் சிறுகுடலுக்கு விடும். நாள்பட்ட சுகரில், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு கெட்டுப்போனால் இந்த அரைக்கிற வேலைதான் முதலில் தடுமாறும். அதனால் திட உணவு தேங்கிக் கிடக்கும் ஒருவருக்குக் கூட திரவம் ஒழுங்காக இறங்கி, ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். இட்லி இறங்கவில்லை என்று சொல்லி வந்தவருக்குத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்து அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்?

இதற்கென்று ஒரு முறையான வழி இருக்கிறது, புதிதும் இல்லை. 2008-ல் அமெரிக்காவில் நியூக்ளியர் மெடிசின் சங்கமும் குடல் நரம்பியல் சங்கமும் சேர்ந்து ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. முட்டையின் வெள்ளைக்கரு 120 கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பெரிய முட்டை அளவு, டோஸ்ட் செய்த வெள்ளை ரொட்டி 2 துண்டு, ஸ்ட்ராபெர்ரி ஜாம் 30 கிராம், தண்ணீர் 120 மில்லி. மொத்தம் 255 கலோரி, கொழுப்பு ரொம்பக் குறைவு. சாப்பிட்டு முடித்ததும் ஒரு படம், பிறகு 1 மணி, 2 மணி, 4 மணி நேரத்தில் ஒவ்வொரு படம். 2 மணியில் 60 சதவீதத்துக்கு மேலோ, 4 மணியில் 10 சதவீதத்துக்கு மேலோ சாப்பாடு இரைப்பையில் மிச்சம் இருந்தால் தாமதம். 1 மணியிலேயே 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எதிர்ப்பிரச்சினை, வேகமாகக் காலியாகிறது என்று அர்த்தம். 2 மணி வரை ஒழுங்காகத் தெரிந்துவிட்டு 4 மணிப் படத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், அதனால் அந்தக் கடைசிப் படம் இல்லாத ஸ்கேன் பாதி ஸ்கேன்தான்.

இரண்டாவது இடத்துக்கு வேறொரு டாக்டர் அனுப்பினார். அங்கே போனில் பேசிய பெண்ணே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்துவிட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், பெயர் தெரியாவிட்டால் அட்டையைப் பார்த்துப் படியுங்கள் என்றார். படித்தேன். காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் டி.எஸ்.ஆர். என்று இருந்ததைக் கேட்டதும் நிறுத்தி, "சார், அதுல டாம்பெரிடோன் இருக்கு, அது இரைப்பையை வேகமாத் தள்ளற மருந்து, உங்க டாக்டரைக் கேட்டுட்டு டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும்" என்றார். இதை எல்லோரும் கவனியுங்கள். நம் ஊரில் அசிடிட்டிக்கு எழுதிக்கொடுக்கும் கேப்ஸ்யூல்களில் பாதிக்குள் டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ ஐடோபிரைடோ கூடவே இருக்கும், நாம் அதை வெறும் கேஸ் மாத்திரை என்றே நினைத்துக்கொண்டிருப்போம். அதைப் போட்டுக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தால், மாத்திரையின் வேலையைத்தான் அளந்துவிட்டு வருவோம். மாறாக, டிரமடால் மாதிரி வலி மருந்தும், வயிற்று வலிக்குப் போடும் டைசைக்ளோமினும் இரைப்பையை மந்தமாக்கும், அதையும் நிறுத்த வேண்டும். எடை குறையவும் சுகருக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைடு ஊசி போடுகிறவர்கள் இதை மறக்காமல் சொல்ல வேண்டும், அது இரைப்பையை நிதானமாக்கும் மருந்து, உடம்பில் நாள்கணக்கில் இருக்கும், இரண்டு நாள் நிறுத்தினால் போதாது. முதல் இடத்தில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காலையில் போனோம். போனதுமே விரலில் குத்திச் சுகர் பார்த்தார்கள். சுகர் 275-க்கு மேல் இருந்தால் அன்று எடுக்க மாட்டோம் என்றார்கள், சுகர் அதிகமாக இருந்தால் அதுவே இரைப்பையை மந்தப்படுத்தும் என்பதால். இன்சுலினை எவ்வளவு, எப்போது போடுவது என்று எங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள், சாப்பாட்டோடு சேர்த்துக் குறைந்த அளவில் போட்டோம். சிகரெட் பிடிக்கிறவர்கள் அன்று காலை தொடவே கூடாது.

முட்டை தயாராவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கருவைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள், ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து சிரிஞ்சில் மருந்தை எடுத்து அதில் விட்டார்கள், நன்றாக அடித்தார்கள், அப்புறம்தான் வேகவைத்தார்கள். இந்த வரிசை முக்கியம். மருந்து, கதிர்வீச்சு தரும் டெக்னீசியம்-99எம் கலந்த சல்பர் கொலாய்டு, அந்தக் கதிர்வீச்சைத்தான் கேமரா படம் பிடிக்கும். பச்சையாக இருக்கும்போதே கலந்து வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகும்போது மருந்தும் அதோடு பிடித்துக்கொள்ளும். வெந்த முட்டைமேல் தெளித்தால் இரைப்பை நீரில் கழன்றுபோய்த் திரவத்தோடு இறங்கிவிடும், கேமரா திரவத்தைத் துரத்திக்கொண்டு போகும், முட்டை உள்ளேயே கிடக்கும். இந்த ஒட்டுகிற பிரச்சினைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 1966-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில், கார்டிஃப் நகரத்தில், காலைச் சாப்பாட்டில் குரோமியம்-51 கலந்துதான் இந்த முறையையே ஆரம்பித்தார்கள். 1976-ல் அமெரிக்காவில் உயிரோடு இருக்கும் கோழிக்கு ரத்தக் குழாயில் இந்த மருந்தை ஏற்றி, அது ஈரலில் போய்த் தங்கியதும் அந்த ஈரலைச் சமைத்து ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள், அவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காக. நல்லவேளை, முட்டையிலேயே வேலை நடக்கும் என்று பிற்பாடு தெரிந்துவிட்டது.

சாப்பாட்டை 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அம்மாவுக்குப் பெரிய சோதனை இதுதான், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறவரிடம் இரண்டு ரொட்டியும் முட்டையும் கொடுத்தால் எப்படி? முட்டையில் உப்பு இல்லை, ரொட்டி காய்ந்து தொண்டையில் அடைத்தது. டெக்னீஷியன் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "மெதுவா மென்னு சாப்பிடுங்கம்மா, முட்டையை முதல்ல முடிச்சிருங்க, ரொட்டி கொஞ்சம் மீந்தா நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட வைத்தான். கடைசியில் ரொட்டியில் ஒரு ஓரம் மிஞ்சியது. எவ்வளவு மிஞ்சியது, எத்தனை நிமிடம் ஆனது என்று இரண்டையும் எழுதிக்கொண்டான், ரிப்போர்ட்டிலும் அது இருந்தது. நடுவில் வாந்தி வந்தால் டெஸ்ட் செல்லாது, உடனே சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி ஒரு கவரும் கையில் கொடுத்திருந்தார்கள். வரவில்லை.

படம் எடுப்பது ஒன்றுமே இல்லை. காமா கேமராவுக்கு இரண்டு தலை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் நின்றால் ஒரு நிமிடம். ஊசி கிடையாது, சுரங்கம் மாதிரி உள்ளே போக வேண்டியது இல்லை, சத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் எடுப்பதற்குக் காரணம் கேட்டேன். இரைப்பையின் மேல்பாகம் முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும், கீழ்ப்பாகம் வயிற்றின் முன்பக்கம் இருக்கும். சாப்பாடு மேலிருந்து கீழே நகரும்போது முன்கேமராவுக்கு நெருங்கி வருவதால், ஒரே பக்கம் எடுத்தால் மருந்து கூடிவிட்ட மாதிரி காட்டும். அதனால் முன்னும் பின்னும் வரும் எண்ணிக்கையைப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். இன்னொரு திருத்தமும் உண்டு. டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், 4 மணி நேரத்துக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தானாகக் குறைந்துவிடும், அதைக் கழித்துக் கணக்குப் போடாவிட்டால் வயிறு தானே காலியான மாதிரி தெரியும். நல்ல சென்டரில் ரிப்போர்ட்டிலேயே இந்த இரண்டு திருத்தமும் செய்ததாக ஒரு வரி இருக்கும்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. நாம் சும்மா இருந்தாலே மண், காற்று, வானத்திலிருந்து உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். மருந்து ரத்தத்தில் சேராது, மலத்தோடு போய்விடும். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பால் கொடுக்கிறவர்களும் சொல்ல வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படங்களுக்கு நடுவே எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது, தூரமாக எங்கும் போகவும் கூடாது. அப்படியென்றால் உட்கார ஒரு நல்ல இடம் வேண்டாமா? இரும்பு நாற்காலி, தலைக்கு நேரே ஏ.சி., வயதானவர்கள் முதுகு சாயக்கூட வழி இல்லை. அம்மா சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2 மணிப் படத்துக்கும் 4 மணிப் படத்துக்கும் நடுவில் சுகர் இறங்குகிறதா என்று அவர்களாக வந்து பார்க்கவில்லை, நாங்கள்தான் கேட்டுப் பார்க்க வைத்தோம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதை அவர்களே செய்ய வேண்டும். ரிப்போர்ட் அன்றே கிடைக்காமல் மறுநாள் கிடைத்தது, அதை வாங்கும்போது யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை.

ஆனால் ரிப்போர்ட் நல்ல ரிப்போர்ட். என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பிட்டார், காலைச் சுகர் எவ்வளவு, எந்த நேரத்தில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று எல்லாம் எண்ணோடு இருந்தது. 1 மணியில் 84, 2 மணியில் 63, 4 மணியில் 28. கடைசி எண்ணில்தான் அம்மாவின் கஷ்டம் முழுதும் இருந்தது. 4 மணியில் 11 முதல் 20 வரை லேசான தாமதம், 21 முதல் 35 வரை நடுத்தரம், 36 முதல் 50 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை என்று தரம் பிரிக்கிறார்கள், அம்மாவுக்கு நடுத்தரம். கேஸ்ட்ரோபரேசிஸ், அதாவது அடைப்பு இல்லாமலே இரைப்பை மந்தமாகிச் சாப்பாடு தேங்குவது, என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. அந்த முதல் இடத்து ஸ்கேன் ஒன்றரை மணியோடு நின்றது என்பதை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் இந்தப் பேப்பரை வைத்துத்தான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். கீரைத்தண்டு, சுண்டல், நார் அதிகமான காய் எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள், நல்லது என்று நாங்களே தேடித்தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தவை இவைதான். குழைய வடித்த சோற்றில் ரசம், கஞ்சி, வேகவைத்து மசித்த காய், எண்ணெய் குறைவாக. இன்சுலின் போடும் நேரத்தை டாக்டர் மாற்றினார், சாப்பிட்டதும் சுகர் இறங்குவது நின்றது. மருந்தும் கொடுத்தார், அதை எவ்வளவு நாள் போடுவது என்பது அவரவர் டாக்டர் சொல்ல வேண்டியது, பக்க விளைவு உள்ள மருந்துகள், கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற விஷயம் இல்லை.

இந்த ஸ்கேனை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எண் பெரிதாக இருக்கிறவருக்குத் தொந்தரவு குறைவாகவும், எண் சின்னதாக இருக்கிறவருக்குத் தொந்தரவு அதிகமாகவும் இருப்பது உண்டு. 2021-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், 48 வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோது கேஸ்ட்ரோபரேசிஸ் என்று முதலில் சொன்னவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நார்மலாக வந்தது, முதலில் நார்மல் என்று வந்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு பேருக்குத் தாமதம் என்று மாறியது. ஒரே ஆளுக்கே எண் மாறக்கூடியது என்பதால்தான், எடுக்கும் முறையாவது மாறாமல் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முட்டை சாப்பிடாதவர்கள் என்ன செய்வது என்று எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார். அங்கே அவர்களுக்கு மாவிலேயே மருந்தைக் கலந்து இட்லியாக அவித்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது, காலையில் காய்ந்த ரொட்டியும் ஜாமும் நம் வயிற்றுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் ஒன்று: மேலே சொன்ன 60, 10 எல்லாம் அந்த முட்டைச் சாப்பாட்டுக்கான அளவுகள். இட்லி வேறு வேகத்தில் இறங்கும். இட்லி கொடுத்தால் இட்லிக்கு நல்ல வயிறு உள்ளவர்களை வைத்துக் கண்டுபிடித்த நார்மல் அளவு அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இட்லியைக் கொடுத்துவிட்டு முட்டையின் அளவோடு ஒப்பிட்டால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. மூச்சுக்காற்றை ஊதி அளக்கும் டெஸ்ட் ஒன்றும் உண்டு, அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது, கதிர்வீச்சே இல்லை. எங்களுக்கு யாரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

செலவு எண்டோஸ்கோபியை விடக் கூடுதல், சில ஆயிரம் ஆகும், ஊருக்கு ஊர் மாறுகிறது, போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நினைத்த நாளில் போக முடியாது. கதிரியக்க மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாக மாறும், அதை வைத்திருக்கும் ஜெனரேட்டர் என்ற கலத்திலிருந்து டெக்னீசியத்தைத் தினமும் மாடு கறப்பது மாதிரி கறந்து எடுக்கிறார்கள், மாலிப்டினமும் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் சென்டர்கள் இந்த மாதிரி நேரம் பிடிக்கும் ஸ்கேன்களைக் குறிப்பிட்ட கிழமைகளில்தான் வைத்துக்கொள்கின்றன. எங்களுக்குக் கொடுத்த தேதியை ஒருமுறை தள்ளியும் வைத்தார்கள், முந்தின நாளே போன் செய்து சொன்னதால் மாத்திரையை நிறுத்தியது மட்டும்தான் வீணானது.

போன் செய்யும்போது நேரடியாகக் கேளுங்கள்: திட உணவா, 4 மணிப் படம் உண்டா, மணிக்கு மணி சதவீதம் ரிப்போர்ட்டில் வருமா? "ஒன்றரை மணி நேரத்தில் விட்டுவிடுவோம்" என்று சொன்னால் அங்கே போகாதீர்கள், வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. அடைப்பு இல்லை என்று எண்டோஸ்கோபியில் பார்க்காமல் நேரே இதற்குப் போவதும் தேவையில்லை. அம்மாவுக்குத் திரும்ப எடுக்க வேண்டுமா என்று போன தடவை டாக்டரிடம் கேட்டோம். எடை ஏறியிருக்கிறது, வாந்தி நின்றிருக்கிறது, சுகரும் அடங்கியிருக்கிறது, இப்போது எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றப் போவதில்லை, அதனால் வேண்டாம் என்றார்.